காதுக் கணக்கு

மார்ச் 31 முடிந்து ஏப்ரல் பாதி தாண்டும் வரை பேங்க்காரன் மனுஷனாக இருப்பதில்லை. ஆடிட், வாராக்கடன் பட்டியல், மேலிடத்து மெயில்... எல்லாம் ஓய்ந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். பிப்ரவரியிலிருந்து மனசில் கிடக்கிற விஷயம் இது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பி.காம். படித்தவன் போடுகிற கணக்குதான், பயப்படுகிற மாதிரி இருக்காது :-)

முதலில் சொந்தக் கதை.

நான் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமத்துப் பையன். அப்பா விசைப்படகில் டிரைவர். (ரோட்டில் ஓட்டினாலும் கடலில் ஓட்டினாலும் எங்கள் ஊரில் டிரைவர்தான்.) 2004 ஜூலையில் வேலை கிடைத்து ஆந்திராவுக்கு வண்டி ஏறினேன். அனந்தபூர், கடப்பா, சித்தூர், இப்போது திருப்பதி. அந்த வருஷம் டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அப்பா ஓட்டிய போட்டு போய்விட்டது. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை, அந்த மட்டில் புண்ணியம். நான் லீவு வாங்கி, பஸ் கிடைத்து, ஊர் போய்ச் சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலுக்கும் போகவில்லை.

அன்றிலிருந்து ஊருக்கும் எனக்கும் தொடர்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை போன்தான். அது எப்போதும் ஒரே மாதிரி நடக்கும்.

"அப்பா, எப்படி இருக்கீங்க?"

"ம், இருக்கேன்."

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"ஆமா ஆமா. இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்."

பத்து செகண்டுதான். அப்புறம் அம்மாவோடு அரை மணி நேரம். இப்படியே பதினெட்டு வருஷம். அப்பாவுக்கு என் மேல் கோபம், மூன்றாம் நாள் வந்தவன் என்ற கோபம், அது தீரவே தீராது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டால், "அவரு சுபாவமே அப்படித்தான்டா" என்பார். எனக்கென்னவோ சுபாவம் மாதிரி தெரியவில்லை. அது அப்படியே இருக்கட்டும், மறுபடி அங்கே வருகிறேன்.

சித்தூரில் இருந்தபோது கிரானைட் அறுக்கும் பட்டறை ஒன்றுக்கு லோன் இன்ஸ்பெக்‌ஷன் போனேன். சித்தூர்ப் பக்கத்துக் கிரானைட் உங்கள் வீட்டுச் சமையல் மேடையிலேயே கிடக்கலாம். (சித்தூர் எனக்குப் பிடித்த ஊர். 1911-ல் உருவான மாவட்டம், பழைய வட ஆற்காட்டின் ஒரு பெரிய துண்டு அதில் இருக்கிறது. மார்க்கெட்டில் தெலுங்கில் விலை கேட்டால் தமிழில் பதில் வரும். வெளியூரில் இருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?) பட்டறையில் கட்டர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கையை ஆட்டித்தான் பேச முடியும். அன்றைக்கு அங்கே பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் சத்தம் அளக்க வந்திருந்தார். கையில் டிவி ரிமோட் மாதிரி ஒரு மீட்டர், அதன் தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை. அளப்பதற்கு முன் சின்ன உருளை ஒன்றை மைக்கின் தலையில் மாட்டி, அது 94 காட்டுகிறதா என்று பார்த்தார். நாங்கள் காலையில் கேஷ் கவுண்டரைத் திறக்கும்போது முந்தின நாள் இருப்பைச் சரி பார்ப்போம், அது மாதிரி. மனுஷனை எனக்கு உடனே பிடித்துப்போனது.

அவர்தான் எனக்கு டெசிபல் சொல்லிக்கொடுத்தார். ரூபாய் மாதிரி கூட்டிப் பார்க்கிற எண் இல்லையாம் அது. 90 டெசிபல் போடும் மெஷினுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் 180 ஆகாது, 93 ஆகும். அதாவது ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சத்தத்தின் சக்தி இரட்டிப்பு. எங்கள் தொழிலில் 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்து, பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று சொல்வோமே, அந்த மாதிரி காதுக்கு இந்த 3. கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால் பி.காம்.காரனுக்குப் புரிந்துவிடும்.

பட்டறைச் சுவரில், எங்கள் பிராஞ்சில் டெபாசிட் வட்டி எழுதி மாட்டியிருக்குமே அந்த மாதிரி, ஓர் அட்டவணை. 90 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 95 என்றால் 4 மணி. 97-க்கு 3 மணி. 100-க்கு 2 மணி. 105-க்கு 1 மணி. 115-க்கு மேல் கொஞ்ச நேரம்கூடக் கூடாது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மாதிரி விதிகளில் வந்த அட்டவணை அது. இரைச்சலால் காது போவது அந்தச் சட்டத்தில் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக இருந்தது. 2020-ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆலோசகர் எழுதிக்கொண்டு போனார், முதலாளி காது மூடி வாங்கிக் கொடுத்தார், ஆட்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். நம்ம ஊர்! இருந்தாலும் அளந்தார்கள் பாருங்கள், அதைச் சொல்கிறேன். நாலு சுவரும் ஒரு கூரையும் இருந்ததால் அளந்தார்கள்.

2022-ல் திருப்பதிக்கு மாற்றல். அதே வருஷம் ஏப்ரல் 4 அன்று ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தார்கள். திருப்பதி தனி மாவட்டமானது, நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்பேட்டைப் பக்கம் இதோடு சேர்ந்தது. பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஏழுமலையான் ஊருக்கு ஒரே ராத்திரியில் கடல் வந்துவிட்டது! பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கமும் வந்தது. ஆபீஸில் யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு சாப்பாடு ருசித்தது.

மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு கொடுக்கலாம் என்று 2018-19 பட்ஜெட்டில் வந்தது அல்லவா, அந்த வகையிலும் படகு இன்ஜின் கடன்களிலும் சில விண்ணப்பங்கள் வாகாடு பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்தன. நேரில் பார்க்க யார் போவது என்று பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கியது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. துகராஜபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். (இந்தத் துகராஜபட்டினம்தான் பழைய வரைபடங்களில் இருக்கும் ஆர்மகான். சென்னைக் கோட்டைக்கு முன்னாலேயே ஆங்கிலேயக் கம்பெனி கடை போட்ட இடம்.) மணலில் இறங்கியதும் எதிரே வந்த கிழவி பேத்தியைத் தமிழில் திட்டிக்கொண்டு போனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டப்பு என்று அங்கே சொல்கிறார்கள். எந்தக் காலத்திலோ நம் கரையிலிருந்து போனவர்கள். எங்கள் பட்டினவர்களின் தாயாதிகள் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். அந்தத் தமிழில் நடுநடுவே தெலுங்கு உட்கார்ந்திருக்கும்.

கடன் கேட்ட அண்ணனுக்கு நாற்பது வயசு இருக்கும். கண்ணாடியிழைப் படகு, அதில் நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின், லாங்டெயில் என்பார்களே அது. பழைய இன்ஜின் தேய்ந்துவிட்டது, புதுசு வேண்டும். கரையில் இன்ஜின் அணைந்துதான் இருக்கிறது, கடலும் அன்று சாது. அந்த அண்ணன் மூன்றடி தள்ளி நிற்கிற என்னிடம் தொண்டை கிழியப் பேசுகிறார். நான் கேட்பதை ஒவ்வொரு தடவையும் "ஏமண்டி? என்னா சார்?" என்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்து கேட்கிறார். பேங்க் பையைத் தூக்கி வந்த என் சக ஊழியர் தெலுங்கில் மெதுவாக, "ரொம்பக் கோபக்காரர் போல இருக்கே" என்றார்.

நான் இல்லை என்றேன். சொன்ன பிறகு நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் தெருவில் அப்பா வயசு ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள். கடல்காரன் தொண்டை என்று பெருமையாகச் சொல்வோம். அது தொண்டை சமாச்சாரம் இல்லையோ?

அந்த சந்தேகத்தில்தான் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அவரோடு கடலுக்குப் போனேன். அளக்க. சிரிக்காதீர்கள்.

சத்தம் அளக்க அந்த அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிறுவனம் (நயோஷ் என்று சுருக்கிச் சொல்வார்கள்) 2017-ல் இலவசச் செயலி ஒன்று வெளியிட்டிருக்கிறது. ஐபோனில் மட்டும் ஓடும். என்னுடையது சாதா போன், ஆகவே மகளின் ஐபோனை இரவல் கேட்டேன். கடல் என்றதும் அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோவதாகச் சத்தியம் செய்து வாங்கினேன். படகில் போய்ப் பார்த்தால், உறைக்குள் வைத்து அளந்தால் எண் இறங்குகிறது! மைக்கை மூடிக்கொண்டு என்ன அளவு? சத்தியத்தை மீறினேன். (இதை அவள் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

முறையாக அளப்பவர்கள் டோசிமீட்டர் என்ற சின்ன டப்பாவைத் தோளில், காதுக்குக் கிட்டே, சட்டையில் குத்திவிட்டு நாள் முழுக்க அணிந்திருக்கச் சொல்வார்கள். பட்டறையில் சரி. இங்கே பத்து நிமிஷத்தில் சட்டையைக் கழற்றி அணியத்தில் எறிந்துவிட்டார்கள், எதில் குத்துவது? குத்தினாலும் கயிறு உரசும், வலை உரசும், உப்புத் தண்ணீர் தெறிக்கும். உரசுவதையும் மீட்டர் சத்தம் என்றே எழுதிக்கொள்ளும். காற்று வேறு. மைக்கில் காற்று அடித்தால் சத்தமே இல்லாத இடத்திலும் எண் ஏறும். அதற்குத்தான் சித்தூரில் பார்த்த அந்தப் பஞ்சு உருண்டை. நான் ஒரு சின்ன வெளி மைக்கும் பஞ்சும் வாங்கிப் போயிருந்தேன். நடுக்கடலில் இன்ஜினை அணைக்கச் சொல்லிக் காற்றையும் அலையையும் மட்டும் தனியே அளந்தேன், 70-ஐ ஒட்டி நின்றது. அளக்கிற சத்தத்துக்கும் பின்னணிக்கும் 10 டெசிபல் இடைவெளி இருந்தால் பின்னணியைப் பெரிதாக மதிக்க வேண்டாம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

வேலையிட இரைச்சல் அளக்கச் சர்வதேசத் தரம் ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 9612. அதில் மூன்று வழி. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கலாம். ஒரே வேலை செய்யும் ஆட்களைக் கூட்டமாக எடுத்துக்கொண்டு அங்கங்கே மாதிரி எடுக்கலாம். இல்லாவிட்டால் முழு நாளையும் அளக்கலாம். நான் முதல் வழியில் போனேன். போகிற ஓட்டம், வலை விடுவது, வலை வாங்குவது, திரும்புகிற ஓட்டம். வலை விடும்போதும் வாங்கும்போதும் இன்ஜின் அநேகமாக அணைந்திருக்கும், கை வேலைதான். அப்போது கடலில் இருக்கும் அமைதியை எழுத எனக்கு எழுத்து போதாது. என் தாத்தா கட்டுமரக்காரர். அவருக்கு எண்பது வயசிலும் கிசுகிசுப்புக் கேட்கும்.

ஓட்டம்தான் விஷயம். காற்றால் குளிர்கிற ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். புகைக்குழாய் அந்த அண்ணன் காதிலிருந்து ஒரு கை தூரம். சைலன்சர் என்று ஒன்று வாங்கும்போது இருந்ததாம், உப்பில் அரித்து ஆறு மாசத்தில் விழுந்துவிட்டதாம். அவர் காதருகே பிடித்த மைக்கில் 95-க்கும் 99-க்கும் நடுவே ஆடி, சராசரி 97 காட்டியது. அணியத்தில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயசுப் பையன் பக்கத்தில் 88.

ஒரு படகு, ஒரு நாள், ஒரு போன். இதை வைத்து யாரும் கட்டுரை எழுத முடியாது, நானும் எழுதவில்லை. ஆனால் கணக்குப் போடலாம் இல்லையா?

போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மொத்தம் மூன்று மணி நேரம், 97 டெசிபல். சித்தூர்ப் பட்டறைச் சுவர் என்ன சொன்னது? 97-க்கு மூன்று மணி. ஆக அந்த அண்ணன் ஒரு பைசா மிச்சமில்லாமல், ஒரு பைசா ஓவர் டிராஃப்ட் இல்லாமல் கணக்கை முடிக்கிறார். அப்பாடா என்றுதானே தோன்றும்? இப்போது நயோஷ் கணக்குக்கு வாருங்கள். 1998-ல் அவர்கள் போட்ட வரம்பு 8 மணி நேரத்துக்கு 85. அங்கே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், நம் அட்டவணை மாதிரி 5-க்கு இல்லை. 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு 1 மணி. 97-க்கு அரை மணி. அரை மணி நேரத்துக்குத்தான் இருப்பு, அண்ணன் எடுத்தது மூன்று மணி. ஆறு மடங்கு. ஒரே ஆள், ஒரே காது. ஒரு புத்தகத்தில் கணக்கு நேர், இன்னொன்றில் திவால். சத்தத்தின் சக்தி 3 டெசிபலில் இரட்டிப்பாகிறது என்பது இயற்பியல் என்றால், நேரத்தை 5 டெசிபலுக்கு ஒரு தடவை பாதியாக்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. நடுநடுவே ஓய்வு கிடைக்கும் என்று நம்பித் தளர்த்தியதாக விளக்கம் படித்தேன். கடன்காரனுக்குச் சாதகமாக எழுதின பாண்டு மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

வாராக்கடனிலாவது ஒரு பகுதி வசூலாகும். காதுக்குள் இருக்கும் மயிரிழைச் செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. கடலுக்குப் போய் வந்த அன்று ராத்திரி என் காதில் கொய்ங் என்று ஒரு சத்தம். விடிந்ததும் போய்விட்டது. தினமும் போகிறவருக்கு?

சரி, படகுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். படகு தொழிற்சாலை ஆகாது, அந்தக் கதவு மூடியாயிற்று. பங்குக்குப் போகிறவருக்கு முதலாளி யார், தொழிலாளி யார் என்பதே வழக்கு. கப்பல்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இரைச்சல் விதித்தொகுப்பு ஒன்று 2014 ஜூலையிலிருந்து கட்டாயமாக இருக்கிறது. இன்ஜின் அறையில் 110-க்கு மேல் போகக்கூடாது, தூங்கும் அறைக்குத் தனி வரம்பு என்று அருமையாக எழுதியிருக்கிறார்கள். 1,600 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு. அதில் இந்த விதி எதற்கெல்லாம் பொருந்தாது என்று ஒரு பட்டியல், அந்தப் பட்டியலில் மீன்பிடிக் கலங்கள் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 2007-ல் மீன்பிடித் தொழிலுக்கென்றே செய்த 188-ம் உடன்படிக்கை (2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது) கொஞ்சம் மேல், தங்குமிடத்தில் சத்தத்தையும் அதிர்வையும் குறைக்கச் சொல்கிறது. 24 மீட்டருக்கு எட்டும் படகுகளுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறது. இந்தக் குப்பத்துப் படகில் தங்குமிடம் என்றால் வலை மேல் படுப்பதுதான்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அப்பாவின் போட்டு ஞாபகம் வந்தது. அதில் ஆறு சிலிண்டர் லேலண்ட் இன்ஜின். மேலே வீல் ஹவுஸ், அதற்கு நேர் கீழே இன்ஜின் ரூம். நாலு நாள் ஐந்து நாள் கடலில் தங்குவார்கள், தூங்குவதும் அந்தப் பலகை மேல்தான். 8 மணி நேரத்துக்கு 85 என்ற கணக்கே மீதி 16 மணி நேரம் காது ஓய்வெடுக்கும் என்று நம்பிப் போட்டது. கரைக்கு வராத ஆளுக்கு ஏது மீதி 16? நாள் முழுக்கச் சத்தம் என்றால் அதே கணக்கு 80-க்கு இறங்கிவிடும். அது கிட்டத்தட்ட நம் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம். இன்ஜின் மேல் படுத்துக்கொண்டு 80-க்கு எங்கே போவது?

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. "ம், இருக்கேன்" என்பார், அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். வற்புறுத்தித் திருப்பதிக்கு அழைத்துவந்தேன். வயசு 74. வந்த பிறகும் பேச்சு அவ்வளவுதான். மருமகளோடு கொஞ்சம், பேத்தியோடு கொஞ்சம், என்னோடு எண்ணி நாலு வார்த்தை.

மார்ச் முதல் வாரம் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். எதற்குடா இதெல்லாம் என்று பஸ்ஸில் முழுக்க முணுமுணுப்பு. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். அந்தப் பெண் திருகைத் திருகிக்கொண்டே போகிறாள், அப்பா பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு மிக கவனமாக, பரீட்சை எழுதும் பையன் மாதிரி, காத்திருக்கிறார். அவர் விரல் அசையவே இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆடியோகிராம் தாளில் கோடு தாழ்ந்த சுருதியில் ஓரளவு மேலே இருந்தது. 2000 ஹெர்ட்ஸுக்கு அப்புறம் படிக்கட்டில் உருண்ட மாதிரி இறக்கம். இரைச்சலால் போகும் காது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் முதலில் பள்ளம் விழும் என்று டாக்டர் விளக்கினார். இந்த வயசில் மூப்பும் சேர்ந்து பள்ளத்தை மூடிவிடும், எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்றார். "என்ன வேலை பார்த்தாரு?" என்று கேட்டார். சொன்னேன். "எத்தனை வருஷம்?" இருபத்தெட்டு என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்பாவின் வேலையை ஒரு டாக்டர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அப்புறம் நான் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம். போனில் பேசினால் இவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? டாக்டர் சொன்னார்: உயிர் எழுத்து ஒலிகள் தாழ்ந்த சுருதி, அவை கேட்டிருக்கும். ச, ஸ, த, க மாதிரி மெய்யெழுத்துகளின் கூர்மை எல்லாம் மேல் சுருதியில் இருக்கிறது, அவை விழுந்திருக்காது. பழைய டெலிபோன் லைன் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அனுப்பவே அனுப்பாது. நேரில் என்றால் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றலாம். போனில் அதுவும் இல்லை.

"முட்டி வலி எப்படி இருக்கு?" என்று நான் கேட்டபோது அங்கே போய்ச் சேர்ந்தது "உ...ஈ... அ...இ..." என்கிற மாதிரி ஏதோ ஒன்று. மகன் குரல் என்று தெரிகிறது, என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. ஆமா ஆமா. எதைக் கேட்டாலும் அநேகமாகப் பொருந்துகிற பதில். அப்புறம் மாட்டிக்கொள்வதற்குள் அம்மாவிடம் கொடுத்துவிடுவது. அம்மா அரை மணி நேரம் என்னோடு பேசிவிட்டு, வைத்த பிறகு எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே கத்திச் சொல்வாராம். இதை இப்போது அப்பாவே சொன்னார். பதினெட்டு வருஷம் நான் அம்மாவோடு பேசியதெல்லாம் அவருக்கும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமேப்பா?" என்று, இந்தத் தடவை நானும் கத்தித்தான், கேட்டேன்.

"நீ பேங்க்குல பெரிய ஆளுங்க நடுவுல இருக்கிற. செவுட்டு அப்பன்னு எதுக்கு?" என்றார்.

மூன்றாம் நாள் வந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

காது மெஷின் வாங்கியாயிற்று. போட்ட முதல் நாள் குக்கர் விசிலுக்குத் துள்ளிக் குதித்துவிட்டார். இப்போது சமையல் நேரத்தில் கழற்றி வைத்துவிடுகிறார். இன்ஜின் சத்தம் தொந்தரவாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. தூக்கத்திலும் காது இன்ஜின் மேல்தான் இருக்குமாம். சத்தம் ஒரு நூல் மாறினால் எழுந்துவிடுவாராம். வலை பாரில் மாட்டினால் ஒரு மாதிரி, இன்ஜெக்டர் அடைத்தால் ஒரு மாதிரி, மடி நிறைந்தால் ஒரு மாதிரி. "மடி நிறைஞ்சா இன்ஜின் முக்கும்" என்று அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவரிடம் போய்க் காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் கடலில் தள்ளியிருப்பார்.

குப்பத்து அண்ணனும் அதையேதான் சொன்னார். நான் கொடுத்த நுரை அடைப்பானை ஒரு நாள் போட்டுப் பார்த்தாராம். காதில் தண்ணீர் போன மாதிரி இருக்கிறதாம், அணியத்தில் இருக்கும் பையன் கூப்பிட்டால் கேட்கவில்லையாம். கிருஷ்ணபட்டினத்துக்கும் எண்ணூருக்கும் கப்பல் போகிற கடல் அது. ராத்திரியில் ஹாரன் கேட்காவிட்டால் காது மட்டுமா போகும்? அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காதை மூடுவதைவிடக் குழாயை மூடுவது மேல். ஆனால் இன்ஜினைப் பெட்டி போட்டு மூட முடியாது, காற்றால் குளிர்கிற இன்ஜின் வெந்துவிடும். மிச்சம் இருப்பது சைலன்சர். புகைக்குழாயைக் காதுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, உப்புக்குத் தாங்குகிற எஃகில் ஒரு சைலன்சர் மாட்டலாம். மாட்டினால் இன்ஜின் இழுவை குறையும், டீசல் குடிக்கும் என்று கரையில் ஒரு நம்பிக்கை வேறு. 97 என்பது 91 ஆனால் போதும், நயோஷ் கணக்கில் அரை மணி இரண்டு மணி ஆகும். மூன்று மணிக்குப் போதாதுதான். அந்த பத்தொன்பது வயசுப் பையன் நாளைக்குப் பின்பக்கம் வந்து இன்ஜினைப் பிடிக்கும்போது அந்த ஒன்றரை மணிக்கு மதிப்பு இருக்கும்.

கடன் ஃபைலில் இன்ஜினுக்கு ஒரு கொட்டேஷன், வலைக்கு ஒரு கொட்டேஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்போம். சைலன்சருக்கும் சேர்த்துக் கொட்டேஷன் வாங்கி வரச் சொன்னேன். இன்ஜின் விற்கிற கடைக்காரர் சிரித்தாராம், பேங்க்காரனுக்கு எதற்கு சைலன்சர் என்று. சேங்ஷன் ஆகிவிட்டது, மார்ச் கடைசி வாரத்தில், மற்ற பத்து ஃபைல்களோடு ஒன்றாக.

ஏப்ரல் 15-லிருந்து கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம். படகுகள் எல்லாம் மணலில் ஏறி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கின்றன. போன வாரம் அந்த அண்ணன் போன் பண்ணினார். வழக்கம்போலத் தொண்டை கிழிய, நானும் பிராஞ்சே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திக்கொண்டு, ஒரு வழியாக விஷயம் புரிந்தது. சைலன்சர் மாட்டியாயிற்று. ஜூன் 14 முடிந்து கடல் திறந்ததும் வந்து அளந்து பார்க்க வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன். அவரும் வருகிறாராம். மகளிடம் ஐபோனை இன்னும் கேட்கவில்லை.